தொலைவும் ஒரு கருவியே

(ஜவ்வாது மலையில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘தொலைநிலை ஆய்வகங்களும் செய்முறை அறிவியலும்’. நான் கணினி வல்லுநர் அல்லன். இந்த மலையில் பதினோரு ஆண்டுகளாக அறிவியல் பாடம் நடத்தும் பட்டதாரி ஆசிரியர். அதனால் தொழில்நுட்பத்தில் தொடங்காமல், நான் வெட்கப்பட்ட ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு லென்சின் கதை

சில ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் பதிவேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். குவிலென்சின் குவியத் தொலைவு காணும் சோதனை. 28 பதிவேடுகள். எல்லாவற்றிலும் விடை 15 சென்டிமீட்டர். ‘பரவாயில்லை, பிள்ளைகள் கவனமாகச் செய்திருக்கிறார்கள்’ என்று மகிழ்ந்தேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பழைய லென்சு உடைந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அலமாரியில் இருந்த புது லென்சை எடுத்துச் சன்னலுக்கு எதிரே பிடித்தேன். வெளியே நின்ற புளியமரத்தின் தலைகீழ் பிம்பம் சுவரில் தெளிவாக விழுந்த தொலைவு 20 சென்டிமீட்டர்.

லென்சு மாறிவிட்டது. விடை மாறவில்லை.

கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு மாணவன் மறைக்காமல் சொன்னான்: “அண்ணன் நோட்டுல அப்படித்தான் சார் இருந்துச்சு.”

திட்டுவதற்கு வாயெடுத்தேன்; வார்த்தை வரவில்லை. ஏனென்றால் நானும் அதையே செய்தவன். என் முதுநிலைப் பட்டத்தை அஞ்சல் வழியில் படித்தேன். செய்முறை வகுப்புகள் என்று ஒரு நகரத்தில் பத்து நாட்கள் நடக்கும். ஒரு கருவிக்கு எட்டுப் பேர். என் முறை வரும்போது மின்சாரம் போயிருக்கும், அல்லது நேரம் முடிந்திருக்கும். கடைசி நாளில் ஒருவருடைய அளவீடுகளை ஏழு பேர் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினோம். தேர்ச்சியும் பெற்றோம்.

என் மாணவர்களோ என்னோடு படித்தவர்களோ ஏமாற்ற வேண்டும் என்று ஏமாற்றியவர்கள் அல்லர். கருவி தூரத்தில் இருந்தது; நேரம் குறைவாக இருந்தது; ‘சரியான விடை’ முன்கூட்டியே தெரிந்திருந்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் யாரும் அண்ணன் நோட்டைத்தான் தேடுவார்கள். நம் மலைப் பள்ளிகளில் இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. சாமை அறுவடைக் காலத்தில் வருகை குறைகிறது. பெற்றோர் வேலை தேடி வெளியூர் போகும் மாதங்களில் பிள்ளைகளும் கூடப் போகிறார்கள். திரும்பி வரும் பிள்ளைக்கு நாம் பாடத்தை மீண்டும் நடத்திவிடுகிறோம். சோதனையை மீண்டும் செய்து காட்ட முடிவதில்லை.

தபாலில் போன ஆய்வகம்

தொலைநிலைக் கல்வி தொடங்கிய நாளிலிருந்தே இந்தச் சிக்கல் இருக்கிறது. புத்தகத்தைத் தபாலில் அனுப்பலாம். ஆய்வகத்தை எப்படி அனுப்புவது?

1971-இல் பாடம் நடத்தத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அதையும் தபாலில் அனுப்பிப் பார்த்தது. அறிவியல் மாணவர்களுக்கு வீட்டு ஆய்வுப் பெட்டிகள் போயின. அவற்றில் கையடக்கமான நுண்ணோக்கி ஒன்றும் இருந்தது. சமையலறை மேசையே ஆய்வகமானது. இன்று அதே பல்கலைக்கழகத்தின் மாணவர்கள், ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் மலைமேல் உள்ள தொலைநோக்கியை வீட்டிலிருந்தே இயக்குகிறார்கள்.

நம் நாட்டில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இலும் தொடங்கப்பட்டன. 2020-இல் கொரோனா வந்தபோது, தொலைநிலைக் கல்வி என்பது பட்டப்படிப்புக்கு மட்டும் உரியது அன்று என்று நமக்குப் புரிந்தது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூடத் தொலைநிலை மாணவர் ஆயிற்று. கல்வித் தொலைக்காட்சி பாடத்தை வீட்டுக்குக் கொண்டுபோனது. ஆனால் அமிலத்தில் லிட்மஸ் தாள் சிவப்பாவதைத் திரையில் பார்ப்பதும், தானே நனைத்துப் பார்ப்பதும் ஒன்றல்ல. அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது? இதற்கான விடையின் ஒரு பகுதி நம் மலையிலேயே இருக்கிறது.

காவலூரும் ஹான்லேயும்

காவலூர் வானாய்வகத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். நகர விளக்குகள் எட்டாத இருட்டுக்காக வானியலறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் இராஜீவ் காந்தி 1986 சனவரி 6 அன்று தொடங்கிவைத்தார். அதைக் காண வைணு பாப்பு உயிரோடு இல்லை, 1982-இலேயே மறைந்துவிட்டார். ஆய்வகமும் அந்தத் தொலைநோக்கியும் இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கின்றன.

காவலூரில் அன்றைய முறை நேரடியானது. ஆய்வாளர் மலையேறி வருவார்; இரவெல்லாம் கருவியின் அருகிலேயே இருப்பார். காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம், லடாக்கில் ஹான்லே என்னும் இடத்தில் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை நிறுவியது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் இறங்கும். இரவுதோறும் ஆய்வாளர்கள் அங்கே போய் உட்கார முடியாது. எனவே 2001-இல் செயற்கைக்கோள் இணைப்பு ஏற்படுத்தி, பெங்களூருக்கு அருகே ஹோஸ்கோட்டையில் இருந்தபடியே அதை இயக்கத் தொடங்கினார்கள். இடையிலுள்ள தூரம் 2,000 கிலோமீட்டருக்கும் மேல்.

இதை அப்படியே வகுப்பில் ஒரு கணக்காகக் கொடுக்கலாம். புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரேடியோ அலையின் வேகம் நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர். கட்டளை மேலே போக 0.12 நொடி, கீழே இறங்க 0.12 நொடி. தொலைநோக்கியின் பதில் திரும்பி வர இன்னொரு 0.24 நொடி. ஆக, ‘திரும்பு’ என்று சொல்லி, ‘திரும்பிவிட்டேன்’ என்ற பதில் கேட்க, கருவி திரும்பும் நேரம் போக ஏறக்குறைய அரை நொடி. ஒளியின் வேகம் என்ற பாடம் அன்று பிள்ளைகளுக்குச் சூத்திரமாகத் தெரியாது.

தொட்டுப் பார்க்கவில்லை என்பதற்காக ஹோஸ்கோட்டையில் நடப்பது ஆய்வு இல்லை என்று யாராவது சொல்வோமா? 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் அதன் திட்ட இயக்குநர். அதன் வெப்பமானி நிலவின் மண்ணில் 10 சென்டிமீட்டர் வரை இறங்கி வெப்பநிலையை அளந்தது. கட்டளை போனது பெங்களூரிலிருந்து. அந்த மண்ணை யாரும் கையால் தொடவில்லை. ஆனாலும் அது செய்முறைதான்.

மூன்று கேள்விகள்

அப்படியானால் திரையில் தெரிவதெல்லாம் செய்முறையா? இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். நான் எனக்கு நானே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: மறுமுனையில் உண்மையான பொருள் இருக்கிறதா?
இரண்டு: மாணவர் எதையாவது தாமே முடிவு செய்கிறாரா?
மூன்று: விடை எதிர்பாராததாக வர வாய்ப்பு இருக்கிறதா?

காணொலிக்கு இந்த மூன்றில் முதலாவது மட்டும் உண்டு. யாரோ ஒருவர், என்றோ, உண்மையான கருவியில் செய்தது. மாணவர் பார்வையாளர் மட்டுமே.

மெய்நிகர் ஆய்வகத்துக்கு இரண்டாவது உண்டு. மத்திய அரசின் திட்டமாக 2009-இல் தொடங்கிய மெய்நிகர் ஆய்வகங்களில், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் கோவை எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகமும் பங்கேற்றன. பள்ளி வகுப்புகளுக்காக அமிர்தாவும் மும்பை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து ஓலேப்ஸ் என்ற தளத்தை உருவாக்கின. நம் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் அதைத் திறந்திருப்பீர்கள். பியூரெட்டைத் திறக்கலாம், மூடலாம், மதிப்பை மாற்றலாம். செய்முறைக்கு முன் ஒத்திகையாக அது மிகவும் பயன்படுகிறது, நான் பயன்படுத்துகிறேன். ஆனால் அங்கே விடையைத் தருவது ஏற்கெனவே எழுதப்பட்ட சூத்திரம். அந்த லென்சில் தூசி படியாது. அந்தப் பியூரெட் ஒழுகாது.

உண்மையான தொலைநிலை ஆய்வகத்துக்கு மூன்றும் உண்டு. எங்கோ ஓர் அறையில் உண்மையான கருவி இருக்கிறது. மாணவர் இணையம் வழியே அதை இயக்குகிறார். அது தரும் அளவீட்டைப் பெறுகிறார். பிழையும் அதோடு சேர்ந்தே வருகிறது. அந்தப் பிழைதான் எனக்கு வேண்டும். பிழை வரும் இடத்தில் அண்ணன் நோட்டு உதவாது.

மேகம் மூடிய படம்

அமெரிக்காவின் ஹார்வர்டு–ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையம் மாணவர்களுக்காகத் தானியங்கித் தொலைநோக்கிகளை நடத்துகிறது. மைக்ரோ அப்சர்வேட்டரி என்று பெயர். எந்த வான்பொருள், எவ்வளவு நேரம் ஒளி விழ வேண்டும், எந்த வடிகட்டி என்று நாம் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். இரவில் தொலைநோக்கி படமெடுத்து, பிறகு மின்னஞ்சலில் அனுப்பும். நேரலை தேவையில்லை என்பதால் நம் மலைக்கு இது பொருத்தமாக இருந்தது. மழை வந்தால் நம் சிக்னல் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்பு மாணவர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து, நிலவுக்கு எவ்வளவு நேரம் ஒளி விட வேண்டும் என்று வாதாடினார்கள். ஒரு குழு, “நிறைய நேரம் வைத்தால் நன்றாகத் தெரியும்” என்றது. இன்னொரு குழு, “நிலா ரொம்ப வெளிச்சம், கொஞ்சம் போதும்” என்றது. இரண்டு விதமாகவும் அனுப்பினோம். வந்த படங்களில் ஒன்று வெள்ளைவெளேர் என்று எரிந்துபோயிருந்தது. மற்றொன்று வெறும் சாம்பல் நிறம், நிலவே இல்லை.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மாணவி கேட்டாள்: “சார், அங்கேயும் மேகமா?”

ஆம், அங்கேயும் மேகம்தான். அந்தப் பிள்ளைகளின் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நான் எதிர்பார்க்கவில்லை. படம் கெட்டுப்போனதில் என்ன மகிழ்ச்சி? மறுமுனையில் இருப்பது படப்பெட்டி அன்று, உண்மையான வானம் என்று அவர்களுக்கு அப்போதுதான் உறுதியானது. திரும்பவும் அனுப்பினோம். மூன்றாவது முறை, பள்ளங்களோடு நிலவு கிடைத்தது. அந்தப் படத்தை வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பக்கத்திலேயே மேகப் படத்தையும் ஒட்டியிருக்கிறோம்.

ஒரே நிகழ்வு, பல இடங்கள்

இதுவரை சொன்னதில், தொலைவு என்பது நாம் தாண்ட வேண்டிய தடை. இனிச் சொல்லப்போவது வேறு. சில சோதனைகளில் தொலைவுதான் கருவியே. அதற்கும் காவலூரிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்து செல்ல இருந்தது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளியைப் பதிவு செய்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே ஒளி ஒருமுறை குறைந்து மீண்டது. ஒரு துணைக்கோள் மறைத்திருக்கலாம் என்று முதலில் கருதினார்கள். அதே நேரத்தில் விமானத்தில் பறந்த அமெரிக்காவின் கைப்பர் வானாய்வகமும், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ஆய்வாளர்களும் அதே விண்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெவ்வேறு இடங்களின் பதிவுகளை ஒப்பிட்டபோதுதான், யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெளிவானது. ஓர் இடத்துப் பதிவு மட்டும் இருந்திருந்தால், அது ஒரு துணைக்கோளாகவே நின்றிருக்கலாம்.

இதை நம் பள்ளிகளும் செய்யலாம். அதற்குத் தேவை ஒரு கோல், ஒரு கைப்பேசி, தொலைவில் ஒரு நண்பர்.

இரண்டு கோல்கள், ஒரு பூமி

ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முன் எரடோஸ்தனிஸ் நிழலைக் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட கதை நமக்குத் தெரியும். சையீன் நகரத்தில் கிணற்றின் அடிவரை வெயில் படும் நாளில், அலெக்சாந்திரியாவில் சூரியன் 7.2 டிகிரி சாய்ந்திருந்தது. அது வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. கதையாக இதைப் பல ஆண்டுகள் நடத்தினேன். ஒரு பிப்ரவரி முதல் வாரத்தில் செய்தே பார்த்தோம்.

பயிற்சியொன்றில் பழக்கமான நண்பர் கன்னியாகுமரிக் கடலோரத்தில் பணிபுரிகிறார். அவர் பள்ளியிலும் எங்கள் பள்ளியிலும் ஒரு மீட்டர் கோல் நட்டோம். பகல் 12.10 முதல் 12.50 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலை அளந்தோம். மிகக் குட்டையான நிழலை இரு பக்கமும் எடுத்துக்கொண்டோம். எங்கள் மலையில் அது 12.30 வாக்கில் வந்தது. அங்கே ஐந்து நிமிடம் தாமதமாக வந்தது. உச்சிவேளை என்றால் 12 மணி என்று அதுவரை நம்பியிருந்த பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கே ஒரு பாடவேளை போதவில்லை. தீர்க்கரேகைப் பாடம் தானாக வந்து சேர்ந்தது.

எங்கள் நிழல் 54.5 சென்டிமீட்டர். அவர்களுடையது 44. முக்கோணவியல் அட்டவணையில் பார்த்தால் 28.6 டிகிரி, 23.7 டிகிரி. வேறுபாடு 4.9 டிகிரி. அட்லசில் வடக்கு–தெற்காக அளந்த தூரம் 500 கிலோமீட்டர். இங்கே ஓர் எச்சரிக்கை. சாலைத் தூரத்தை எடுக்கக் கூடாது. அட்சரேகையை 111-ஆல் பெருக்கியும் தூரம் காணக் கூடாது. அது விடையை முன்பே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவதாகும். வரைபடத்தின் அளவுகோலைக் கொண்டுதான் அளக்க வேண்டும்.

500-ஐ 360-ஆல் பெருக்கி 4.9-ஆல் வகுத்தோம். பூமியின் சுற்றளவு 36,700 கிலோமீட்டர் என்று வந்தது. புத்தகத்தில் 40,000.

“நாம தப்பா சார்?” என்றான் ஒருவன். இன்னொருவன் மெதுவாக, “44-ஐ 45-னு போட்டுக்கலாமா சார்?” என்றான்.

லென்சுக் கதையில் நின்ற அதே இடத்தில் மீண்டும் நின்றேன். இந்த முறை ஒரு வேறுபாடு இருந்தது. அந்த 44 அவன் எண் அன்று. கன்னியாகுமரியில் அவனைப் போன்ற ஒருவன் வெயிலில் நின்று அளந்த எண். அதை மாற்ற வேண்டுமானால் அவனைக் கேட்க வேண்டும். “போன் போட்டுக் கேள்” என்றேன்.

கேட்டார்கள். நிழலின் நுனி மங்கலாகத்தானே இருக்கும், எந்த இடத்தை எடுத்தீர்கள்? கோல் நேராக இருந்ததா? எதை வைத்துப் பார்த்தீர்கள்? அந்தப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. இதே கேள்விகளைத் திருப்பிக் கேட்டது. மறுநாள் அவர்கள் கோலின் அருகே கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். கோலின் நுனி தெற்கே ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகச் சாய்ந்திருந்தது. அவ்வளவுதான். அந்தச் சாய்வு பூமியை 3,000 கிலோமீட்டர் குறைத்துவிட்டது. சூரியன் ஒரு புள்ளி அன்று, அரை டிகிரி அகலமுள்ள வட்டு என்பதால், நிழலின் நுனி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மங்கும் என்றும் கண்டுகொண்டார்கள். மங்கலின் நடுவை எடுப்பது என்று இரு பள்ளிகளும் பேசி முடிவு செய்தன.

அடுத்த வாரம் ஒரே நாளில் இரு பக்கமும் மீண்டும் அளந்தோம். வேறுபாடு 4.6 டிகிரி. சுற்றளவு 39,100 கிலோமீட்டர். அந்த எண்ணை யாரும் யாருடைய நோட்டிலிருந்தும் எழுதவில்லை.

எங்கள் கோலுக்கு அவர்கள் பள்ளி தொலைநிலை ஆய்வகம். அவர்கள் கோலுக்கு எங்கள் பள்ளி. இரண்டு முனையிலும் உண்மையான பொருள், இரண்டு முனையிலும் மாணவரின் கை. இரு பள்ளிகளும் பக்கத்து ஊரில் இருந்திருந்தால் இந்தச் சோதனையே நடக்காது. இத்தனை நாள் நாம் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்த தூரம், அன்று எங்களுக்கு உதவியது.

வெந்நீரும் உயரமும்

உயரத்தையும் இப்படிப் பயன்படுத்தலாம். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலை குறைகிறது. காவலூர் உயரத்தில் நீர் 97.5 டிகிரிக்கு அருகில் கொதிக்கும், சென்னையில் 100. ஹான்லேயில் ஏறக்குறைய 85. இந்த மலையில் ஒரு பள்ளி, சென்னையில் ஒரு பள்ளி சேர்ந்தால் இரண்டு டிகிரிக்கு மேல் வேறுபாட்டைப் பள்ளி வெப்பமானியிலேயே காணலாம்.

ஆனால் இரண்டு வெப்பமானிகளும் ஒரே மாதிரி காட்டுகின்றன என்று எப்படித் தெரியும்? முதலில் இரு பள்ளிகளும் உருகும் பனிக்கட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று சுழியத்தையும் மற்றொன்று ஒரு டிகிரியையும் காட்டினால், அந்தத் திருத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. கொதிக்கும் நீரை ஆசிரியரே கையாள வேண்டும். பிள்ளைகள் தள்ளி நின்று அளவைப் படிக்கட்டும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், ‘இதெல்லாம் எங்களுக்கு இல்லையே’ என்று நினைக்க வேண்டாம். ஒரே நாளில் இரண்டு ஊர்களில் பச்சைப்பயறு ஊறவையுங்கள். எங்கே முதலில் முளைக்கிறது? ஒவ்வொரு நாளும் எவ்வளவு நீளம்? மலைக்குளிரிலும் கடலோர வெப்பத்திலும் ஒரே மாதிரி முளைக்குமா? குழந்தைகள் வரைந்து, படமெடுத்து அனுப்பட்டும். ஒரே அளவு டப்பாவை மழையில் வைத்து, இரண்டு பள்ளிகளும் மழையை அளந்து ஒரு மாதம் ஒப்பிடட்டும். நடுநிலைப் பள்ளிகளுக்கு, 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றத்தின் கருவிகளும் கருத்தாளர்களும் துணைக்கு இருக்கிறார்கள்.

தொடங்கும் முன்

என் அனுபவத்தில் பட்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

பெட்டியில் கருவி இருக்கும்போது திரையைத் திறக்காதீர்கள். கையில் லென்சு இருந்தால் லென்சுதான். நம்மிடம் இல்லாததற்கும், இங்கே செய்ய முடியாததற்கும் மட்டுமே தொலைநிலை ஆய்வகம்.

நேரலையை நம்பி வகுப்பைத் திட்டமிடாதீர்கள். எண்களைக் குறுஞ்செய்தியில் அனுப்பலாம். படத்தை மறுநாள் பெறலாம். நிழல் சோதனைக்கு இணையமே தேவைப்படவில்லை.

அளவீட்டை முதலில் தாளில் மையால் எழுதச் சொல்லுங்கள். தவறானால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதட்டும். அழிப்பான் வேண்டாம். மதிப்பெண்ணை விடைக்கு மட்டும் கொடுக்காமல், அந்தக் காரணத்துக்கும் கொடுங்கள். பத்தாம் வகுப்பில் செய்முறைக்கு 25 மதிப்பெண் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். விடை ‘சரியாக’ வந்தால்தான் மதிப்பெண் என்று நாம் காட்டிக்கொடுத்துவிட்டால், நாளை எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் அவர்கள் அண்ணன் நோட்டைத்தான் தேடுவார்கள்.

வாய்ப்புள்ளவர்கள் ஒருமுறை பிள்ளைகளைக் காவலூருக்கு அழைத்துச் செல்லுங்கள். சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்கு வானம் காட்டும் வழக்கம் அங்கே உண்டு. முன்னதாகக் கேட்டு உறுதி செய்துகொண்டு போங்கள். நம் மலையிலிருந்து பார்த்த ஒளிக்குறைவு யுரேனஸ் வளையங்களின் கதையில் இருக்கிறது என்பதை நம் மலைப் பிள்ளைகள் அங்கே நின்று கேட்க வேண்டும்.

லென்சுக் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு 28 பேரையும் மீண்டும் செய்யச் சொன்னேன். மூன்று மாலைகள் ஆயின. விடைகள் 19.6, 20.3, 20.8, 19.9 என்று வந்தன. இரண்டு பேருக்கு 22-ஐத் தாண்டியது. திரையைச் சரியாக நகர்த்தவில்லை என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத அந்த எண்கள் இருந்த பதிவேடுகளில்தான் முழு மனதோடு கையெழுத்துப் போட்டேன்.

இப்போது உங்களிடையே ஒரு தாள் சுற்றி வரும். பள்ளியின் பெயர், ஊர், எந்த மாதத்தில் கோல் நட முடியும் என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். கடலோர மாவட்டங்களின் ஆசிரிய நண்பர்களிடமிருந்து இதே போன்ற தாளை வாங்கித் தருவதாக என் நண்பர் சொல்லியிருக்கிறார். யாருக்கு யார் இணை என்று மதிய உணவுக்குப் பின் சேர்ந்து முடிவு செய்வோம். கோலுக்கு மூங்கில் இந்த மலையிலேயே கிடைக்கும். தூக்குக்குண்டு மட்டும் மறக்காதீர்கள்.